ஏற்காட்டில் பொங்காத மாவு

சேலத்தில் இட்லி மாவு தானாகப் புளிக்கும். சாயங்காலம் கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த நான் அதை என் கைப்பக்குவம் என்றே நம்பியிருந்தேன். ஏற்காட்டுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அது வெயிலின் கைப்பக்குவம் என்று தெரிந்தது.

இங்கே ஒரு சர்வதேசப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. கூடவே பெண்கள் விடுதி ஒன்றுக்கு வார்டன். ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர்களுக்கு விடுமுறை என்பதால் அன்றைய காலைச் சாப்பாட்டை விடுதிகள் முறை போட்டுச் சமைக்க வேண்டும். சாப்பிட்டவர் யாராக இருந்தாலும் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். முதல்வரும் வரிசையில் நின்று கழுவுவார். எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். பாத்திரம் தேய்க்கும் தொட்டியடியில் மட்டும் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

என் விடுதியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் அப்பா சேலத்துக்காரர், மஸ்கட்டில் கடை வைத்திருக்கிறார். வந்த புதிதில் அவளுக்குத் தலை பின்னக்கூடத் தெரியாது. இப்போது குழாய்க்கு வாஷர் மாற்றுவாள், பள்ளித் தோட்டத்துக் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுவாள். இதையெல்லாம் பெருமையாக அப்பாவிடம் போனில் சொல்லப்போக, அவருக்கு வந்ததே கோபம். பாத்திரம் கழுவவா பெண்ணை மலைமேல் அனுப்பினேன் என்று கேட்டாராம். ஊருக்கு வரும்போது நேரில் பார்த்துவிட்டு, இந்த வருஷத்தோடு மஸ்கட்டுக்கே கூட்டிப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார். அவளுக்குப் போக மனசே இல்லை.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிறு எங்கள் விடுதியின் முறையாக அமைந்தது. அப்பாவுக்கு இட்லி என்றால் உயிர், பூப்போல அவித்துக் கொடுத்தால் மனசு இளகிவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சேலத்துக்காரி நான் இருக்க உனக்கென்ன கவலை என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாவாட்டினோம். தை மாதக் குளிர், கையை மாவில் விட்டாலே விறைத்தது. இது புளிக்குமா என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கொரியாவிலிருந்து வந்து படிக்கும் பெண், தன் வீட்டில் சோயாவைப் புளிக்கவைக்கக் கம்பளி போர்த்துவார்கள் என்றாள். சோதனை என்றால் நான் விடுவேனா? மாவை மூன்று பாத்திரத்தில் பிரித்தேன். ஒன்று அடுப்பு மேடையில், ஒன்று வெந்நீர்க் கொதிகலன் அறையில். மூன்றாவதைக் கம்பளியில் சுற்றி அந்தப் பெண் தன் கட்டிலுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விளக்கணைக்கப் போனபோது பார்த்தேன், பாத்திரத்துக்குத் தலையணையெல்லாம் போட்டிருந்தாள்.

காலையில் அடுப்பு மேடை மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. கொதிகலன் அறை மாவு தரையெல்லாம் வழிந்து, கிட்டப் போக முடியாமல் நாறியது. கம்பளி மாவு மட்டும் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் ஊற்றினோம். முதல் ஈட்டு இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் அடிபடும். அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து அவள் அப்பா குப்பனூர் மலைப்பாதை வழியாகச் சீக்கிரமே ஏறி வந்துவிட்டார்.

அவள் இட்லித் தட்டையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"தோசை ஊத்தறேங்க மிஸ். ஆவறது ஆவட்டும்."

அப்பா பிள்ளைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். வியர்க்க வியர்க்க அடுப்படியில் நிற்கும் மகளைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். விருந்தாளியாயிற்றே என்று நான் ஓடிப்போய்த் தட்டில் கை வைத்தேன்.

"மிஸ், உட்ருங்க. அப்பாவே கழுவட்டுங்க."

அடுப்படியிலிருந்து அவள்தான் சொன்னாள். மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றே நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். முறை வந்து குழாயைத் திறந்ததும் தண்ணீரின் குளிருக்குக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எப்படியோ கழுவி நீட்டினார். அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"பின்னால எண்ணெ அப்படியே இருக்குதுங்கப்பா."

எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொரியப் பெண் நார் எடுத்து நீட்டினாள். அவர் இரண்டாம் தடவை தேய்த்துக் கழுவினார். இந்தத் தடவை அவள் தட்டை அடுக்கில் வைத்தாள்.

கார் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம். மஸ்கட் பேச்சை அவரும் எடுக்கவில்லை, கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. அவருடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. கதவைத் திறந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மிஸ், இந்தக் குளுருல மாவு எங்கீங்க பொங்கும்? அடுத்த தடவ நானே சேலத்துல நல்லாப் புளிக்கவெச்சுக் கொண்டாறனுங்க."

அவள் என் கையைப் பிடித்தாள். வலிக்கிற பிடி.

"அடுத்த தடவ எப்பங்கப்பா?"

"உங்க விடுதி முறை எப்ப வருதோ அப்பத்தான், கண்ணு."