மூன்றாம் மாடிக் கதவைத் தட்டியவள்

இது கட்டுக்கதை இல்லை. என் சித்தி மகளுக்கு நடந்தது. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டலடித்தே ஓட்டிவிடுகிறவள் அவள். அவளே சொன்னதால்தான் நம்பினேன்.

அப்போது கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். விடுமுறை என்று விடுதியில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். துறையில் எல்லாரும் ‘அண்ணா’ என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், அவளுக்குப் பிடிபடாத ஒரு சோதனையைச் செய்துகாட்டுவதாக ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். தங்கமான மனுஷன் என்று பெயர்.

ஆய்வகம் மூன்றாம் மாடியில், நடைவழியின் கோடியில். அங்கே விளக்கு எரிந்தே மாதக்கணக்காகிறது. மாணவிகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். காவலாளி கீழ் வாசலோடு சரி, மாடி ஏறமாட்டார்.

உள்ளே போனதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. மேசை காலி. ஒரு குடுவைகூட எடுத்துவைக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள். வருவார்கள் என்றார். அறைத்தோழி ஊருக்குப் போயாச்சா என்று விசாரித்தார். இங்கே வருவதை யாரிடமாவது சொன்னாயா என்றும் கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால்... எதற்கு?

“நான் கெளம்பறேண்ணா.”

“இப்பத்தானே வந்தே. உக்காரு.”

சொல்லிக்கொண்டே கதவுப் பக்கம் போனார். ‘டக்’கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

இனிமேல் ‘அவர்’ வேண்டாம். அவன் திரும்பி நடந்து வந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது...

டொக். டொக்.

அவன் நின்றான். வெளியே காலடிச் சத்தமே கேட்கவில்லையே...

டொக்.

போட்ட தாழ்ப்பாள் தானாக விலகியது.

வாசலில் ஒரு பெண். பச்சைச் சட்டை. புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு புதுக் காயம். ஒரு காலில் மட்டும் செருப்பு.

“வா. போலாம்.”

அவனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவன் முகம் வெளிறி, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

இருட்டு. படிகள். முன்னால் ஒற்றைச் செருப்பின் சத்தம்...

விடுதி வாசலில் நன்றி சொல்ல நிமிர்ந்தாள்.

யாருமில்லை.

திங்கட்கிழமை புகார் கொடுத்தாள். அவரா, இருக்கவே இருக்காது என்றார்கள். அவள் விடவில்லை. விசாரணை வந்தது. அதைக் கேள்விப்பட்டு, நான்கு வருஷத்துக்கு முன் படித்த மாணவி ஒருவர் தானாகவே சாட்சி சொல்ல வந்தார். அவருக்கும் அதே அறை, அதே ஆள். அவர் தப்பவில்லை. அந்தச் சாட்சியால்தான் பிறகு போலீஸ் அவனைக் கொண்டுபோனது.

விசாரணை அறைக்கு வெளியே அவரைப் பார்த்ததும் என் தங்கை நடந்தவள் நின்றுவிட்டாள்.

அதே முகம். அதே குரல். புருவத்தில் ஆறிப்போன தழும்பு. உயிரோடு, கையில் தண்ணீர் பாட்டிலுடன் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு வந்தது நீங்கள்தானே என்று கேட்டாள். நான்கு வருஷமாக இந்த வாசலையே மிதித்ததில்லை என்றார் அவர். வந்தவள் எப்படி இருந்தாள் என்று கேட்டார். பச்சைச் சட்டை, ஒற்றைச் செருப்பு என்று இவள் சொன்னாள்.

அவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு நான் போட்டிருந்தது அதுதான்” என்றார். “உள்ள இருந்து அந்தக் கதவையே பாத்துட்டிருந்தேன். யாராவது வந்து தட்ட மாட்டாங்களான்னு...

யாரும் வரல.”