மூக்குக்கு ஏற்ற கைடு

பேரிங் அலறியது சந்தை முழுக்கக் கேட்டது. மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த யாவ் அன்டோபாமுக்கு மட்டும் கேட்கவில்லை.

குமாசி மரச் சந்தையில் ஒரு பேண்ட் சா, அதாவது பட்டை வாள் மெஷின், மக்கர் பண்ணினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதன் குரல்தான். பிளேடை நெளியவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற கைடு இருக்கிறதே, அதிலிருக்கும் குட்டி பேரிங்குகளில் தூசி ஏறி இறுகிவிட்டால் கோழியைத் திருகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். யாராக இருந்தாலும் பாய்ந்துபோய் சுவிட்சை அணைப்பார்கள். அன்டோபாம் நாற்காலிக் கால் ஒன்றை நிதானமாக வளைத்து அறுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து நாலு பேர் கத்தினார்கள். மனிதர் திரும்பவில்லை. பிளேடு சூடேறி நீலம் பாய்ந்து, படாரென்று அறுந்து மூடிக்குள் சுருண்டது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

"தூங்கிட்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டான் பாஃபோ. மெஷினின் சொந்தக்காரி மாமே டுஃபியின் தம்பி அவன். அக்கா மெஷினைத் தன் கையில் கொடுக்கமாட்டாளா என்று அவள் கணவர் இறந்த நாளிலிருந்தே காத்துக்கிடக்கிறவன்.

அவன் வாயசைப்பைப் பார்த்து, "கால் முடியட்டும்னு பார்த்தேன்" என்றார் அன்டோபாம். பொய்தான். வேறு என்ன சொல்வார்?

இளமை முழுவதையும் அஹாஃபோ பக்கத்து மர ஆலை ஒன்றில் கழித்தவர் அவர். ஆள் உயரச் சக்கரம் வைத்த வாள்கள் ஓடும் இடம். காதில் பஞ்சு வைத்தவனைப் பார்த்து, "பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று சிரிக்கிற கூட்டம். அந்தச் சிரிப்புக்குப் பயந்து காதைக் கொடுத்துவிட்டு வந்த எத்தனையோ பேரில் இவரும் ஒருவர். முதலில் குருவிச் சத்தம் போனது, அப்புறம் பெண்கள் குரல், இந்த வருஷம் ஏறக்குறைய எல்லாமே. வீட்டில் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் பேசுகிறாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

தெரியாமல் எப்படி என்று கேட்கலாம். மெஷின்கள் ஓடும் வரை மரச் சந்தையில் எல்லோரும் செவிடர்கள்தான். கையை ஆட்டுவதும் வாயைப் பார்ப்பதுமாகத்தான் வியாபாரமே நடக்கும். கரண்ட் போனால்தான் அன்டோபாமுக்குச் சிக்கல். சட்டென்று ஊரே அமைதியாகி, எல்லோரும் சாவகாசமாகப் பேச ஆரம்பிப்பார்கள். அப்போதெல்லாம் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

புது பிளேடு வந்தது. கைடும் புதிதாகப் போட வேண்டும். பாஃபோ உதிரி பாகக் கடைகள் நிறைந்த சுவாமேக்குப் போய்ப் பளபளவென்று பேரிங்குகள் வாங்கிவந்து மேஜையில் பரப்பினான்.

"சந்தையில எல்லாரும் இதான் போடுறாங்க. பட்டு மாதிரி ஓடும்."

அன்டோபாம் ஒன்றை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார். அருமையான சாமான். கெடும்போது கத்தும். கத்தி என்ன பிரயோஜனம்?

"வேணாம். தூசி தின்னுடுது" என்று கீழே வைத்தார்.

"அப்ப இரும்புக் கட்டை போடுங்க."

"பிளேடு ஒரு தடவை பின்னால போய் உரசினா பல்லு பூரா காலி. நான் காகு கட்டையில செஞ்சுக்கறேன்."

"மரம் அறுக்கற மெஷினுக்கு மரத்துலயே கைடா!" பாஃபோ அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "உங்க மாஸ்டருக்கு மரை கழண்டுபோச்சு."

காகு லேசுப்பட்ட மரமில்லை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பாலத்துக்குப் போடுகிற மரம். அதைச் சின்னச் சின்னக் கட்டையாக நறுக்கி எண்ணெயில் ஊறப்போட்டு வைத்தால் பிளேடை ஒட்டியே நிறுத்தலாம். பல் பட்டாலும் மழுங்காது. இதையெல்லாம் அன்டோபாம் வாய்விட்டுச் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கட்டை இறுகிச் சூடானால் கத்தாது, எண்ணெய் கருகி நாற்றம் அடிக்கும். காது போனாலும் மூக்கு அவருக்கு இன்னும் விசுவாசமாகத்தான் இருந்தது.

எண்ணெயில்தான் ஏமாந்தார். முதலில் மனதில் வந்தது எஞ்சின் ஆயில். சந்தையே அந்த நாற்றத்தில்தான் கிடக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்த சிவப்புப் பனை எண்ணெயில் கட்டைகளை ஊறவைத்தார். கட்டைகள் பிரமாதமாக உட்கார்ந்தன. பிளேடு கோடு போட்ட மாதிரி போயிற்று. மதியம் நெருங்கும் நேரம், பாதி வளைவில் எண்ணெய் வாசனை குப்பென்று ஏற, அவர் பதறிப்போய் சுவிட்சை அணைத்தார். கட்டையைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. திரும்ப ஓட்டினார். திரும்ப வாசனை. திரும்ப அணைத்தார்.

எதிரே சாப்பாட்டுக் கடை போட்டிருந்த ஹவாவு பீன்ஸுக்கு ஊற்றுவதற்காகப் பனை எண்ணெயில் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டருக்குப் பசி போல!" என்று வேலை கொடுக்க வந்த தச்சர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அவ சட்டி வெக்கறப்பல்லாம் இவரு மெஷினை நிறுத்தறாரு!"

மறுநாள் அன்டோபாம் அந்தக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோப்புக் காய்ச்சுகிற பெண்களிடம் போய் வறுத்த பனங்கொட்டை எண்ணெய் வாங்கிவந்தார். கறுப்பாக, காட்டமாக, ஒருவரும் பீன்ஸில் ஊற்றாத எண்ணெய். புதுக் கட்டைகளை அதில் ஊறவைத்து மாட்டினார்.

எல்லோரும் சிரித்தபோது மாமே டுஃபிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாய்த்துடுக்கான அம்மா அது. சிரிக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுகிற ஆளே இல்லை. ஆனால் அன்று பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் இந்த ஆளை ஒன்று சொன்னால் திருப்பி இரண்டு சொல்வான். கொஞ்ச காலமாக எவ்வளவு கிண்டினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கைவேலை தெரிந்த திமிர் என்று அந்தம்மா உள்ளுக்குள் புழுங்கியிருந்தது. பேரிங் அலறியபோதும் நின்றான். எண்ணெய் வாசனைக்கு மட்டும் துள்ளுகிறானே, ஏன்?

எண்ணெயை மாற்றிய அன்று சாயங்காலம் கரண்ட் போனது. சந்தை ஓய்ந்தது. அன்டோபாம் வழக்கம்போலக் குனிந்து கைடைத் துடைக்க ஆரம்பித்தார். டுஃபி சத்தமில்லாமல் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"யாவ். நாளையிலேர்ந்து நீ வர வேணாம். மெஷினைப் பாஃபோகிட்ட குடுக்கப்போறேன்."

அன்டோபாம் தூசியை ஊதினார்.

"காதுல விழுந்துச்சா? உன்னை நிறுத்திட்டேன்."

அவர் துணியை உதறி மடித்து, அடுத்த பக்கத்தால் துடைத்தார். டுஃபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் இவனைத் திமிர் பிடித்தவன் என்று திட்டினோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கூடவே பயமும் வந்தது. காது கேட்காத ஆளை ஓடுகிற பிளேடின் முன் நிறுத்தி, நாளைக்குக் கை போனால் யார் பதில் சொல்வது? பாஃபோவிடம் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கரண்ட் வந்தது. அந்தம்மா வீட்டுக்குப் போகவில்லை. பலகை அடுக்கிலேயே உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டில் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வந்தன. ஒரு சமயம் அன்டோபாம் சட்டென்று தலையை உயர்த்தி மூக்கை விடைத்தார், சுவிட்சை அணைத்தார். எட்டத்தில் இருந்த டுஃபிக்கு அதற்கப்புறம்தான் அந்தக் காட்டமான வாசனை வந்து எட்டியது. இடதுபக்கக் கட்டை நெருங்கியிருந்தது. அவர் சாவியால் துளி தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டினார். பாஃபோவாக இருந்தால் பிளேடு அறுந்த பிறகுதான் அணைத்திருப்பான். அதுவும் டுஃபிக்குத் தெரியும்.

மறுநாள் காலை அன்டோபாம் வந்தபோது, சுமை தூக்குகிற ஆட்கள் மெஷினைச் சுற்றி நின்று கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். டுஃபி கையை வீசி அதட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு உயிரே போய்விட்டது. மெஷினைப் பாஃபோவின் கொட்டகைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றே நினைத்தார். கையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

மெஷின் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே அரை வட்டம் திரும்பியது. இதுவரை சுவரைப் பார்த்து அறுத்தவர் இனிமேல் சந்தையைப் பார்த்து அறுக்க வேண்டும்.

"எதுக்கு அக்கா இந்த வேண்டாத வேலை? ஒயர் வேற பத்தாது!" என்று கத்தினான் பாஃபோ.

"வாடிக்கைக்காரனுக்கு முதுகைக் காட்டினா வியாபாரமா நடக்கும்? ஒயரு வாங்கிப் போடுறேன், நீ உன் வேலையைப் பாரு!" என்று அவனை விரட்டிவிட்டு, டுஃபி அன்டோபாமுக்கு நேரே வந்து நின்றது. எண்ணெய் விளக்குக்குத் திரி தூண்டுகிறவளைப் போல நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக உதட்டைத் திறந்து பேசியது.

"இனிமே எவனும் உன் முதுகுப் பக்கம் வந்து பேச முடியாது."

அன்டோபாமின் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்துக்கொண்டார். தாழ்ந்த குரல் என்று நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும், மாமே?"

"நேத்து கரண்ட் போனப்ப உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்யா. நீதான் போகல."