முடிந்த கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ்

எண்ணூர் உப்பளத்தில் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரமாக நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு மீனவர் குப்பத்தில், மீன் ஏலக் கொட்டகைச் சுவரில் நகராட்சிப் பியூன் ஒருவர் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். விரல்களில் பசை காய்ந்து வெடித்திருந்தது. தாளில் ஒரு சுருக்கம்கூட விழாதபடி உள்ளங்கையால் நீவி நீவி விட்டார்.

கூடையை இறக்கிவைத்த மீன்காரி ஒருத்தி, “இன்னா நைனா, கல்யாணப் பத்திரிகையா?” என்றாள்.

நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். குப்பத்தை எடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்கு இடம் கொடுப்பது பற்றிக் கூட்டம். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம். தேதி அன்றைய தேதிதான். நேரம் காலை பத்து மணி. அப்போது வெயில் சாய்ந்திருந்தது.

“முட்ஞ்சி போனத்துக்கு இப்ப இன்னாத்துக்கு ஒட்ற?” என்று அவள் அவரைக் கேட்டாள்.

“மீட்டிங் முட்ஞ்சப்புறம்தாம்மா என் கைல குட்த்தாங்க. ஒட்டினேன்னு எழுதித் தரணும். இல்லாங்காட்டி என் வேல பூடும்.”

“உன் வேல தப்பிச்சிது. என் வூடு?”

தாளின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. அவர் மறுபடி பசை தடவி அழுத்தினார். யார் படித்தும் பயனில்லாத தாளுக்கு அவ்வளவு கவனம் எதற்கு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அந்தக் குப்பத்தில் அளவுக்கல் நடக் குழி தோண்ட ஆள் எடுத்தார்கள். நானும் போய் நின்றேன்.