குடைக்காரி அசலா, போலியா?

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். படித்தது பி.காம். ஆனாலும் மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, டிவி ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதிர்வீட்டு மாட்டுக்கு ஏன் கண்ணில் நீர் வடிகிறது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். தெரியாது என்றால், “அப்ப என்னாத்ததான் படிச்சே?” என்பார் அப்பா. அதனால் தெரியாது என்று சொல்வதையே விட்டுவிட்டேன்.

குடைக்காரி வழக்கும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

குடைக்காரி ஒரு சாண் உயரப் பீங்கான் பொம்மை. நீலப் பாவாடை, கையில் குடை, காலடியில் ஒரு நாய்க்குட்டி. நான் பிறப்பதற்கு முன்னால், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பட்டுத் தறியைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மா கொடுத்துவிட்டுப் போனதாம். அவர் அரை மணி நேரம் பேசியதில் அம்மாவுக்குப் புரிந்தது ஒரே சொல்: ஜப்பான். அன்றிலிருந்து டிவிக்கு மேல் நிற்கும் குடைக்காரியைக் காட்டி, வருகிற எல்லோரிடமும் “அசல் ஜப்பான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவைத் திருப்புட்குழியில் கொடுத்திருக்கிறோம். அவள் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜப்பான் கதையை நான்காவது முறையாக ஆரம்பித்தார். மாமியார் பொம்மையைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

“ஜப்பான்னா அடியில ஒரு முத்திரை இருக்காதா சம்பந்திம்மா? மொட்டையா இருக்குதே. இதே பொம்மை எங்க வூட்லயும் இருக்குது. தேர்த் திருவிழாவுல வாங்கினது.”

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடம் தெரு முழுக்கச் சொன்ன பேச்சு அது. “என் புள்ள படிச்சவன். அவன் பாத்து சொல்லட்டும். நீங்க உங்களுத எடுத்துக்கினு வாங்க” என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் பொம்மை வீடியோக்கள் பார்த்தேன். குறிப்பெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமியார் தன் குடைக்காரியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அதே பாவாடை, அதே நாய்.

முதல் குறிப்பு: அழுக்கை நீக்கினால் மங்கிய முத்திரை தெரியலாம். இரண்டையும் கொல்லைப்புறம் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரே துண்டின் மேல் காயவைத்தேன். முத்திரை எதுவும் தெரியவில்லை. கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான், இதில் எங்களுடையது எது என்பதும் எனக்குத் தெரியவில்லை என்று தெரிந்தது.

அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. கரண்டியால் தட்டிப் பார்த்தேன். இரண்டும் ணங் என்றன. மீதமிருந்தது கடைசிக் குறிப்பு: அடியில் நாக்கை வைத்தால் மண் பொம்மை ஒட்டும், பீங்கான் ஒட்டாது.

நக்கினேன்.

“தம்பிக்கு உடம்பு சரியில்லியா?” என்றார் மாமியார்.

“படிச்சவங்க அப்பிடித்தான் பாப்பாங்க” என்றார் அம்மா. குரலில் கொஞ்சம் உறுதி குறைந்திருந்தது.

ஒன்று வழவழவென்று வழுக்கியது. இன்னொன்று நாக்கைப் பிடித்து இழுத்தது. தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

“நக்கிக்கினே இருந்தா பொழுதுதான் போவும். இங்க குட்றா.”

அவர் கையில் நூல் வெட்டும் பிளேடு. எங்கள் தெருவில் ஜரிகையைச் சோதிக்கும் முறை ஒன்றுதான். இழையை லேசாகச் சுரண்டுவார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல், வெள்ளை தெரிந்தால் போலி. அப்பா இரண்டு பொம்மைகளையும் அடியில் சுரண்டினார். வழுக்கியது உள்ளேயும் வெள்ளை. நாக்கைப் பிடித்ததில் பூச்சு உதிர்ந்து செங்கல் நிறம் தெரிந்தது.

“செகப்பு!” என்று அதைத் தூக்கிப் பிடித்தார். “இதான் அசல். அது டூப்பு.”

“அப்பா, இது ஜரிகை இல்லப்பா. செகப்புன்னா மண்ணு. வெள்ளைதான்…”

“நாப்பது வருசமா சொரண்டறேன். எனக்கே பாடமா?”

அப்பா சொல்லி முடிப்பதற்குள் மாமியாரின் கை சிவப்பை நோக்கி நீண்டது. “அண்ணே, அது எங்களுது.”

“திருவிழா பொம்மைன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார் அம்மா.

“திருவிழாவுல நல்ல சாமான் விக்க மாட்டாங்களா?”

“தம்பி, நீ சொல்லுப்பா. கழுவினது நீதானே?” என்று மாமியார் என் பக்கம் திரும்பினார்.

நான் குனிந்து வெள்ளையைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு மஞ்சள் கோடு. மூன்றாம் வகுப்பில் பந்து எறிந்து குடைக்காரியின் தலையைத் துண்டித்தவன் நான்தான். யாருக்கும் தெரியாமல் பசை வைத்து ஒட்டியவனும் நான்தான். ஆக, வெள்ளைதான் எங்களுடையது. ஜப்பானோ இல்லையோ, பீங்கான் அதுதான். ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் பேச்சு பொய்யாகாது. ஆனால் கழுத்துக் கதையும் வெளியே வரும், சம்பந்தி முன்னால் அப்பாவின் நாற்பது வருடமும் போகும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சட்டென்று சிவப்பை அப்பாவின் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “எம் பொம்மை எனக்குத் தெரியாதா? இதான். அசல் ஜப்பான்.”

அப்பா தீர்ப்புச் சொல்லி, அம்மாவும் மடியில் வைத்துக்கொண்ட பிறகு அதற்கு மேல் வாதாட மாமியாருக்கு மனம் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வெள்ளையைத் துண்டில் சுற்றினார். கழுத்தை நான் பதமாகப் பிடித்துக் கொடுத்தேன்.

அவர் பஸ் ஏறியதும் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். “அம்மா, நம்ம பொம்மை அதுதாம்மா. வெள்ளைதான் நல்லது.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“தெனம் தொடைக்கிறவளுக்குக் கழுத்துல கோடு தெரியாதா? உங்கப்பா வந்தவங்க எதிர்ல செகப்புதான் அசல்னுட்டாரு. நான் வெள்ளைய எடுத்தா, எம் பொம்மை டூப்புன்னு நானே சொன்னாப்புல ஆவாதா?”

“அப்போ அசலு போயிடுச்சே?”

“எங்க போச்சு? உங்க அக்கா வூட்லதானே இருக்குது. உங்கப்பாகிட்ட வாயத் தொறந்தியோ, பாத்துக்க. அப்புறம் மனுசன் ஜரிகையைக்கூட நம்ப மாட்டாரு.”

சிவப்புக் குடைக்காரியை டிவிக்கு மேல் நேராக நிறுத்திவிட்டு, திரும்பி வந்து என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார்.

“இது எதுக்கும்மா?”

“மூணாங்கிளாசுக்கு.”