ஆஸ்திரியா வருது, வழி விடு

மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் அதன் கழுத்து மணியை ஒருமுறை சுண்டிப் பார்ப்பார் கிருஷ்ணவேணி. ஓசை காதுக்குச் சரியாகப் பட்டால்தான் கயிறு அவிழும். அடுத்து குரல் தெருவுக்குப் போகும்: "ஆஸ்திரியா வருது, வழி விடு. பின்னாலயே இத்தாலி வந்துகினு இருக்குது."

கோலியனூர்ப் பக்கம் இதற்கெல்லாம் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரிடம் பால் வாங்குகிற எனக்குத்தான் முதலில் எரிச்சலாக இருந்தது. மாட்டுக்கு வைக்கிற பேரா இது?

அவர் மகள் கலைப்பிரியா ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அம்மா போகும்போதெல்லாம் பக்கத்து நாடுகளைச் சுற்றிக் காட்டுகிறாள். அம்மாவுக்குக் கோட்டையும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். போகிற நாட்டில் ஒரு மாட்டு மணி வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மையை வாங்கி வந்து பீற்றிக்கொள்கிற நமக்கு அந்த அருமை எங்கே தெரியும்!

அதிலும் கடையில் பூப்போட்டுத் தொங்குகிற மணி ஆகாது. "அது ஷோவுக்கு வச்சது சார். மாடு கட்டிக்கினு மேஞ்ச மணியா இருக்கணும். உள்பக்கம் தேஞ்சிருக்கும், தடவிப் பாருங்க." மகள் தலையில் அடித்துக்கொண்டு பண்ணை பண்ணையாகக் காரை ஓட்டுவாள். திரும்பும்போது மணியின் நாக்கைத் துணியால் கட்டி, மகளுக்கு மல்லாட்டைக் கடலை கொண்டுபோன காலிப் பையில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். ஒருமுறை சென்னை விமான நிலையத்தில் பிரிக்கச் சொன்னார்கள். "மாட்டுக்குங்க" என்று ஆட்டியே காட்டினாராம். வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது.

வந்த மணி அலமாரிக்குப் போகாது. அன்றைக்கே ஒரு மாட்டின் கழுத்தில் ஏறிவிடும்; மணி வந்த நாட்டின் பேரே மாட்டுக்கும் பேராகிவிடும்.

ஆஸ்திரியா மணி மட்டும் காசுக்கு வந்ததில்லை. மலைச்சரிவில் மாடு மேய்த்த ஒரு பெண்மணி, விற்பதற்கில்லை என்று தலையாட்டிவிட்டார். இவர் அந்த மாட்டின் தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். கிளம்பும்போது அந்தப் பெண்மணியே மணியைக் கழற்றி வந்து கையில் வைத்தாராம். "அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. குடுத்துட்டா. எது போனாலும் இத நான் யாருக்கும் தர மாட்டேன்."

போன வாரம் முழங்கால் வலி பொறுக்காமல் அந்த மணி கட்டியிருந்த தன் மாட்டை விற்றார். வாங்கியவர் கட்டட வேலைக்குப் போகும் ரோஜா. அவருக்கு அதுதான் முதல் மாடு. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது இங்கே வழக்கம். அதனால் ரோஜா புதுக் கயிறு கொண்டு வந்திருந்தார். கிருஷ்ணவேணி பழைய கயிற்றை உருவினார். கூடவே மணியையும் அவிழ்த்து முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

மாடு வாசல் வரை போய் நின்றுவிட்டது. ரோஜா இழுத்தார், தட்டிக்கொடுத்தார். அது திரும்பித் திரும்பிக் கிருஷ்ணவேணியையே பார்த்தது.

"இன்னாக்கா, இப்பவே பேஜாரு பண்ணுது. நான் எப்டி வச்சிக் காப்பாத்தப் போறேன்?" ரோஜாவின் முகம் வாடிவிட்டது.

"இழுக்காத, இரு. மணி இல்லாம அதுக்கு நடந்து பழக்கமில்ல."

சொல்லிவிட்டு, முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருக்குக் கொடுக்க மனசில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது. பிறகு காலை இழுத்து இழுத்து மாட்டின் பக்கத்தில் போனார். மணியை எடுத்துப் புதுக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார். தாடையைச் சொறிந்தார். வழக்கம்போல ஒருமுறை சுண்டிக் கேட்டுவிட்டு, தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஆஸ்திரியா போவுது, வழி விடு."