வாயில் வராத பெயர்

என் மகளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அவளுக்கு ஏழு வயதாகும்வரை அதை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. அதனால் இவள் பிறந்ததும் பக்கத்து வீட்டு அக்கா மடியில் போட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினேன். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றிலிருந்து வீட்டில் அவள் ‘தவுட்டுப்புள்ள’. பெற்றவள் வாயில் நல்ல பெயர் வரவே கூடாது என்றார்கள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் நான், அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நல்ல பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு பாதி வருஷம் வடக்கே கிடப்பவர். எவனோ எண்கணிதக்காரன் சொன்னானென்று, ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருகிவிட்டார். அந்த எழுத்துக்குச் சத்தமே கிடையாது.

இரண்டாம் வகுப்பில் இந்த ஊமை எழுத்துகளைப் பற்றிப் பாடம் வந்தது. புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, கத்திக்கு இங்கிலீஷ்ல முன்னாடி ஒரு எழுத்து நிக்குது. வாயே தொறக்காது. ஆட்டுக்குட்டிக்குக் கடைசில ஒண்ணு.”

“பேசாததுக்கு அங்க என்ன வேலையாம்? தண்டச்சோறு!”

“முன்னெல்லாம் பேசுச்சாம்மா. அப்பறம் சொல்றத உட்டுட்டாங்களாம், எழுதறத உடலையாம். டீச்சர் சொன்னாங்க.” புத்தக அட்டையில் இருந்த தன் பெயரைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “எம் பேரும் அப்படித்தானே? எழுதியிருக்குது, நீ சொல்லவே மாட்டேங்கற.”

“வாய மூடு! சத்தமாச் சொன்னா அது கேட்டுரும்” என்று கத்திவிட்டேன். எது கேட்டுரும் என்றாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உள்ளூர் ஊசிக்கு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வடக்கே இருந்தார். நான் தனியாக அவளை அஸ்தம்பட்டியில் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். போன தடவை வீட்டுக்காரர் கூட்டிவந்தபோது போட்ட பழைய சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். என் தோளில் அவள் உடம்பு கொதித்தது.

நர்ஸ் அவளுடைய நல்ல பெயரை உரக்கக் கூப்பிட்டார். ஐயோ, அவ்வளவு பெரிய கூடத்தில் அப்படியா கத்துவது! பதறிக்கொண்டு ஓடினேன்.

“பாப்பா பேரு சொல்லுங்கம்மா.”

“இப்பத்தான நீங்களே சொன்னீங்க?”

“ஆள் மாறிடக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்.”

“தவுட்டுப்புள்ளைங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “சீட்டுல இருக்கிற பேரும்மா” என்றார் நர்ஸ். நான் சீட்டில் எழுதியிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். “சரி, அப்படி உக்காருங்க” என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தோளில் அவள் திடீரென்று கனத்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். என் முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் நழுவின. முகத்தைத் திருப்பிப் பார்த்தால், கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. நான் போட்ட அலறலில் டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

உள்ளே படுக்கவைத்து ஊசி போட்டார்கள். “பேர் சொல்லிக் கூப்பிடுங்க. விடாமக் கூப்பிடுங்க” என்றார் டாக்டர், அவள் கன்னத்தைத் தட்டியபடி.

“தவுட்டுப்புள்ளே! தவுட்டுப்புள்ளே!”

அவள் அசையவில்லை. இரண்டு தொட்டிலும் என் கண்முன்னால் வந்து நின்றன. சொன்னால் எமனுக்குக் கேட்டுவிடும். சொல்லாவிட்டால் இவளுக்குக் கேட்காது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்ட, அந்த நல்ல பெயரைச் சொன்னேன். வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தது.

இமை நடுங்கியது. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“மெதுவாச் சொல்லும்மா… அது கேட்டுரும்.”

பாவி நான், என் பயத்தையும் சோற்றோடு சேர்த்து ஊட்டித்தான் வளர்த்திருக்கிறேன். “கேட்டாக் கேக்கட்டும் சாமி” என்றேன். வெளியே கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி இன்னொரு தரம் அவள் பெயரைச் சொன்னேன்.