ஜன்னலோர சீட்டு

ரொட்டிக்கடை அக்கா சொந்த நாட்டை விட்டு இந்தத் தெருவுக்கு முதலில் வந்தது தையல் வேலைக்கு. எதிரே இருந்த சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் காலர் தைத்தார். அதை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியபோது, தெரிந்த இன்னொரு வேலையான ரொட்டி சுடுவதில் இறங்கினார். புதிதாகக் குடிவந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கதையைச் சுவர்களில் வரைய நகராட்சி ஓர் ஓவியரை அனுப்பியது. அக்காவின் கடைச் சுவரில் அவர் ஒரு கப்பலை வரைந்தார். அதில் மூட்டையை அணைத்தபடி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"யாருப்பா இது?" என்றார் அக்கா.

"நீங்கதான்க்கா."

"நான் பிளேன்லதானே வந்தேன்! ஜன்னலோர சீட்டு வேற. சந்தோஷத்துல சோறே எறங்கல."

"கப்பல்னாத்தான்க்கா பாக்குறவங்க மனசு உருகும்."

"அப்ப வேற யார் செவுத்துலயாவது உருகட்டும்."

ஓவியர் சிரித்துவிட்டார். மறுநாள் ஏணியைப் போட்டுக் கடலை வானமாக்கினார். கப்பல் இருந்த இடத்தில் விமானம் வந்தது, ஜன்னலில் சிரித்த முகம்.

கூடத் தைத்த தோழி ஒருத்தி அதைப் பார்க்க வந்தாள்.

"எல்லாம் சரி, மூக்கு மட்டும் உன்னுது இல்லடி."

"தெரியும்," என்றார் அக்கா. "என்னுதைவிட நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."